மாமல்லபுரம்: குழந்தைகளும் மூட்டுவலி உள்ள அம்மாவும்

வணக்கம் சகோதரி. ஒரே நாளில் மாமல்லபுரம் பார்க்க வேண்டும், ஏழு வயது மகள் 'வெறும் கல்தானே' என்று சலித்துக்கொள்வாள், அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் கிளம்புங்கள்.

வெயில் ஏறுவதற்கு முன் அர்ச்சுனன் தபசு என்னும் பெரிய பாறைச் சிற்பத்துக்குப் போய்விடுங்கள். சாலையோரத்திலேயே இருக்கிறது, டிக்கெட் கிடையாது, அம்மாவுக்கும் நடை மிச்சம். வரலாற்றை அப்போது சொல்ல வேண்டாம். "இதில் ஒரு பூனை இருக்கிறது, கண்டுபிடி" என்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள். பெரிய யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி அது தவம் செய்யும், சுற்றிலும் எலிகள். என் மகன் அதைக் கண்டுபிடித்துக் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற குடும்பமும் தேட ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு யானையின் காலடியில் இருக்கும் குட்டிகளை அவனே எண்ணினான். பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள். மேலிருந்து அதன் வழியே நீர் விழும்படி பல்லவர்கள் அமைத்திருந்தார்கள் என்று அங்கே சொல்லலாம்.

அருகிலேயே கிருஷ்ண மண்டபம். அங்குள்ள சிற்பத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கும். என் அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

பாறையில் செதுக்கிய கோயில்களான ஐந்து ரதங்களில் மணலில் நடக்க வேண்டும், அதனால் ஆட்டோ பிடித்துச் சீக்கிரமே முடித்துவிடுங்கள். கடற்கரைக் கோயிலை மாலைக்கு வையுங்கள். இரண்டுக்கும் ஒரே டிக்கெட், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. கலங்கரை விளக்கப் படிகள் அம்மாவுக்கு வேண்டாம்.