58.1 உம் 64 உம் ஒரே கண்ணாடிதான்: உப்புவெளி வாசகிக்குப் பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கம்பஸ் காலத்து நண்பரோடு சேர்ந்து போன், டேப் திரைகளின் மேல் வரும் மூடு கண்ணாடிக்கு ஒரு கலவை உருவாக்கியிருக்கிறார்கள். முதலில் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்து, ஒரு வருடம் முடிவதற்குள் பி.சி.டி. எனப்படும் ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாகச் சர்வதேச விண்ணப்பமும் போட்டுவிட்டார்கள். இப்போது தேடல் அறிக்கை வந்திருக்கிறது. பழைய ஆவணம் ஒன்றை டி1 என்று காட்டி, அதற்கு எதிரே 'எக்ஸ்' போட்டு, உங்கள் முதலாவது உரிமைக்கோரலில் (எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறீர்கள் என்று எல்லை வரையும் வாசகம் அது) புதுமை இல்லை என்று பரிசோதகர் எழுதியிருக்கிறார்.

அவர்கள் கோரியது, மூல் நூற்றுவீதத்தில்: சிலிக்கா 60–68, அலுமினா 10–14, சோடியம் ஒட்சைட்டு 12–16, மக்னீசியா 2–6, சேர்க்கோனியா 0.5–3. டி1இல் உள்ள உதாரணக் கண்ணாடி: சிலிக்கா 58.1, அலுமினா 20.0, சோடியம் ஒட்சைட்டு 14.1, மக்னீசியா 3.0, சேர்க்கோனியா 1.9, பொற்றாசியம் ஒட்சைட்டு 2.9. "எங்கள் சிலிக்கா 60க்குக் கீழே இறங்கவே இல்லை, அலுமினா 14ஐத் தாண்டவில்லை, அவர்களிடமோ 20 இருக்கிறது, பிறகு எப்படி அதுவும் இதுவும் ஒன்றாகும், சேர்க்கோனியாவுக்குப் புல்மோட்டைக் கடற்கரை மணலின் சேர்க்கோன் கனிமத்தைப் பாவித்ததுகூடக் கணக்கில் வராதா?" என்று கேட்கிறார். கம்பஸ் ஆராய்ச்சி நாளில் வைத்த போஸ்டர் பற்றியும் ஒரு வரி இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பரிசோதகர் சொல்வது சரி. டி1இன் அட்டவணைத் தலைப்பைத் திரும்பப் பாருங்கள், நீங்கள் அனுப்பிய பக்கத்திலேயே இருக்கிறது, அது நிறை நூற்றுவீதம். உங்களுடையது மூல், அதாவது பாரத்தை விட்டு மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் கணக்கு. ஒவ்வொரு ஒட்சைட்டையும் அதன் மூல் திணிவால் வகுத்துப் பாருங்கள்: சிலிக்காவுக்கு 60.08, அலுமினாவுக்கு 101.96, சோடியம் ஒட்சைட்டுக்கு 61.98, மக்னீசியாவுக்கு 40.30, சேர்க்கோனியாவுக்கு 123.22, பொற்றாசியம் ஒட்சைட்டுக்கு 94.20. வந்ததையெல்லாம் கூட்டி நூறுக்கு மாற்றினால் சிலிக்கா 64, அலுமினா 13, சோடியம் 15, மக்னீசியா 5, சேர்க்கோனியா 1, பொற்றாசியம் 2 என்று நிற்கும், தசமத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். உங்கள் ஐந்து எல்லைகளுக்குள்ளும் அந்தக் கண்ணாடி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அலுமினா பாரமானது, அதனால் நிறைக் கணக்கில் பெருத்துத் தெரிகிறது, வேறொன்றுமில்லை. கண்ணாடி ஆவணங்களைத் தேடும் எவரும் முதலில் இந்த மாற்றத்தைச் செய்து ஒரு தாளில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய, அமெரிக்க ஆவணங்கள் இரண்டு கணக்கிலும் மாறி மாறி எழுதப்பட்டிருக்கும், தேடுபொறி உங்களுக்காக மாற்றித் தராது.

சரி, டி1இல் பொற்றாசியம் இருக்கிறதே, எங்களிடம் இல்லையே என்பீர்கள். உங்கள் வாசகம் 'இவற்றைக் கொண்ட கண்ணாடி' என்று திறந்து நிற்கிறது. அப்படி எழுதினால் இந்த ஐந்தும் இருந்தால் போதும், ஆறாவதாக எது வந்தாலும் உங்கள் கோரலுக்குள்தான் வரும். 'இவற்றை மட்டும் கொண்ட' என்று மூடியிருந்தால் டி1 வெளியே போயிருக்கும்.

உடனே ஓடிப்போய் மூடிவிடாதீர்கள், அங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் உதாரணங்கள் எல்லாவற்றிலும் குமிழ் நீக்கத்துக்கு 0.2 வெள்ளீய ஒட்சைட்டு போட்டிருக்கிறீர்கள். 'மட்டும்' என்று எழுதிய அந்த நிமிடமே உங்கள் சொந்தக் கண்ணாடியே உங்கள் கோரலுக்கு வெளியே நிற்கும். சேர்க்கோன் எங்கே இருந்தாலும் ஹாஃப்னியம் கொஞ்சம் கூடவே வரும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். உள்ளூர் மணலில் ஃபெல்ஸ்பார் கலந்திருந்தால் பொற்றாசியமும் கேட்காமலே வந்துவிடும், ஆகவே கலந்த பொடியின் கணக்கை நம்பாமல் உருகி ஆறிய கண்ணாடியைப் பகுத்துப் பார்த்த எண்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மூடுவதானால் வெள்ளீய ஒட்சைட்டையும் தவிர்க்க முடியாத மாசுகளையும் பெயர் சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டு மூட வேண்டும், அதற்கான சொற்கள் முதலில் தாக்கல் செய்த விவரணத்தில் இருக்க வேண்டும். இல்லாததை இப்போது சேர்க்க எந்த அலுவலகமும் விடாது.

என் யோசனை வேறு. உங்கள் ஆறு உதாரணங்களிலும் சேர்க்கோனியா 1.5க்கும் 2.2க்கும் இடையில்தான் இருக்கிறது. 0.5–3 என்று அகட்டி எழுதியது ஆசையில் எழுதியது, அதற்குச் சோதனை ஆதாரம் கிடையாது. டி1இன் கண்ணாடியில் அது 1. கோரலை 1.5–2.2 என்று சுருக்கினால், திறந்த வாசகத்தை வைத்துக்கொண்டே அந்த உதாரணத்திலிருந்து வெளியேறிவிடலாம். ஐரோப்பாவில் மட்டும் கவனம் வேண்டும், ஓர் உதாரணத்திலிருந்து ஒரு எண்ணைத் தனியாகப் பிடுங்கி எல்லையாக வைக்கும்போது, அந்த எண் அந்த உதாரணத்தின் மற்ற எண்களோடு பிரிக்க முடியாமல் கட்டுண்டதல்ல என்று காட்டச் சொல்வார்கள்.

அத்தோடு முடியுமா? முடியாது. டி1இன் பொது எல்லை சேர்க்கோனியாவுக்கு நிறையில் 0–5 என்கிறது, அதற்குள் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். அமெரிக்காவில் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் முதல் பார்வையில் அது அந்தத் துறையில் சாதாரணத் திறன் உள்ளவருக்கே தோன்றக்கூடியது என்று வைத்துக்கொள்வார்கள், 2003இன் பீற்றர்சன் தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது, மறுப்பது விண்ணப்பதாரரின் வேலை. ஐரோப்பாவில் தெரிந்தெடுத்த பகுதி ஒடுக்கமானதா, பழைய உதாரணங்களிலிருந்து போதிய தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் புதுமையைத் தருவார்கள், ஆனால் கண்டுபிடிப்புப் படி, அதாவது துறை தெரிந்தவருக்குத் தானாகத் தோன்றாத பாய்ச்சல், எங்கே என்ற கேள்வி அங்கேயும் மிச்சம் இருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் பக்கம் பக்கமாக வாதம் எழுதுகிறார்கள். நான் கண்ட வரையில் கண்ணாடி விடயத்தில் வாதத்துக்குப் பெரிய விலை கிடையாது, உருக்கிப் பார்த்த எண்களுக்குத்தான் விலை. பரிசோதகர் உங்கள் எண்களை வாசிக்கவில்லை, அந்த எண்கள் குறிக்கும் கண்ணாடியை வாசிக்கிறார், அதனால் பதிலும் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். டி1இன் உதாரணத்தை நீங்களே உருக்குங்கள். உங்கள் கண்ணாடியும் அதுவும் ஒரே தடிப்பு, ஒரே விதமாக ஆற்றியது, ஒரே பொற்றாசியம் நைத்திரேற்று உருகலில் ஒரே வெப்பநிலையில், ஒரே நேரம் முக்கியது என்று இருக்க வேண்டும். அங்கேதான் கண்ணாடியின் சோடியம் வெளியேறி, பெரிய பொற்றாசியம் உள்ளே புகுந்து மேற்பரப்பை இறுக்குகிறது, இதுதான் அயன் பரிமாற்றம். பிறகு அந்த இறுக்கத்தின் அளவான மேற்பரப்பு அமுக்கத் தகைப்பையும் அது உள்ளே போன ஆழத்தையும் அளவிடுங்கள். சேர்க்கோனியா 1.0, 1.5, 2.2, 2.8 என்று நாலு புள்ளிகள் எடுங்கள், நடுவில் ஒன்றை மட்டும் காட்டினால் எல்லையின் ஓரங்களில் என்ன நடக்கிறது என்றுதான் அடுத்த கடிதம் வரும். புள்ளிகள் நேர்கோட்டில் ஏறினால் அது எதிர்பார்க்கக்கூடியது என்று தள்ளிவிடுவார்கள், 1.5 அளவில் ஒரு திருப்பம் தெரிந்தால் உங்களுக்குப் பிடி கிடைத்தது.

பொற்றாசியம் இல்லாததால்தான் எங்கள் அமுக்கத் தகைப்பு கூட என்று மட்டும் எழுத வேண்டாம். பொற்றாசியம் முன்கூட்டியே கண்ணாடியில் இருந்தால் அயன் பரிமாற்றம் ஆழமாகப் போகும், மேற்பரப்பில் தகைப்பு குறையும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் வாயாலேயே 'எதிர்பார்த்ததுதான்' என்று சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

அமுக்கத் தகைப்பு 800 மெகாபஸ்கலுக்கு மேல் என்று இரண்டாவது கோரலில் போட்டதைப் பரிசோதகர் ஒரே வரியில் ஒதுக்கியிருக்கிறார்: கலவை ஒன்றென்றால் இயல்பும் ஒன்று. பெரும்பாலான இயல்புகளுக்கு அது நியாயம். 1985இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தைத்தானியக் கலப்புலோக வழக்கில் இதைத்தான் சொன்னது. பழைய ரஷ்யக் கட்டுரையின் வரைபில் ஒரு புள்ளி, நிக்கல் 0.75, மொலிப்தினம் 0.25, அது கோரிய எல்லைக்குள் விழுந்தது, அந்தக் கட்டுரையில் அரிப்பைத் தாங்கும் தன்மை பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டாலும் கலப்புலோகம் பழையது பழையதுதான் என்று தீர்ந்தது. வெப்ப விரிவு, அடர்த்தி, யங் மட்டு போன்றவை பெரும்பாலும் கலவையோடு வருபவை, அவற்றில் சண்டை பிடிக்க இடமில்லை. ஆனால் அமுக்கத் தகைப்பு அப்படி அல்ல. அது கலவையில் பாதி, செய்முறையில் பாதி. உருகல் எவ்வளவு சூடு, எத்தனை மணித்தியாலம், கண்ணாடி விரைவாக ஆறியதா மெல்ல ஆறியதா என்பதெல்லாம் அதில் ஏறும். ஆகவே இந்தக் கோரலை வெறும் கண்ணாடிக்கு வைக்காமல், வலுவூட்டிய தகட்டுக்கு, செய்முறை எண்களோடு எழுதினால் 'கலவையோடு தானாக வரும்' என்ற வாதம் தளரும். டி1இலும் அதே போல உருகலில் முக்குவது சொல்லப்பட்டிருப்பதால் இதையே முழு நம்பிக்கையாக வைக்க வேண்டாம், பின்வரிசைக் கோரலாக இருக்கட்டும்.

பரிசோதகர் இன்னும் தொடாத ஒன்றும் இருக்கிறது. சிலிக்காவை 60இல் வைத்து மற்ற நாலையும் உச்சத்துக்கு ஏற்றுங்கள்: 14, 16, 6, 3, கூட்டினால் 39. மொத்தம் 99. ஒன்று குறைகிறது. திறந்த கோரலில் அந்த ஒன்றை வேறெதுவும் நிரப்பலாம், மூடிய கோரலில் அப்படி ஒரு கண்ணாடியே இருக்க முடியாது. சீன அலுவலகம் இந்தக் கூட்டலைக் கறாராகப் பார்க்கும். சேர்க்கோனியாவை 2.2க்கு இறக்கினால் பள்ளம் இன்னும் பெரிதாகும், கூட்டிப் பாருங்கள், 98.2. மூடுகிற எண்ணம் இருந்தால் சிலிக்காவின் கீழெல்லையை 62க்கு உயர்த்த உதாரணம் இடம்தருகிறதா என்று பாருங்கள்.

விவரணத்தில் 'காட்சிச் சாதனங்களுக்கான கண்ணாடி' என்று பொதுவாக எழுதியதும் எனக்குப் பிடிக்கவில்லை. திரைக்குள் இரண்டு வகைக் கண்ணாடி இருக்கிறது. மெல்லிய படலத் திரான்சிஸ்டர்கள் ஏறும் அடித்தகட்டில் சோடியம் இருக்கவே கூடாது, அது நகர்ந்து போய்த் திரான்சிஸ்டரைக் கெடுக்கும், கோர்னிங்கின் ஈகிள் எக்ஸ்ஜி போன்ற காரமில்லாக் கண்ணாடிகள் அதற்காகவே வந்தவை. மேலே வரும் மூடு கண்ணாடிக்கோ சோடியம் வேண்டும், பொற்றாசியத்தோடு இடம் மாறுவதே அதுதான், 2007இல் ஐபோனோடு பிரபலமான கொரில்லா கண்ணாடி இந்த வகை. 12–16 சோடியத்தோடு 'எல்லாக் காட்சிச் சாதனங்களுக்கும்' என்றால் பாதிக்கு அது பொருந்தாது என்று ஒரு பரிசோதகர் கைகாட்டலாம். மூடு கண்ணாடி என்று சொல்லிவிடுங்கள். ஆனால் பாவனையின் பெயரைப் போட்டதால் மட்டும் பழைய கலவை புதிதாகாது, அதற்குப் பொருத்தமான எந்தக் கண்ணாடியும் எதிரே வரும்.

புல்மோட்டைக்கு வருவோம். நம்ம கடற்கரை மண்ணில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் எல்லாம் இருப்பது நமக்குப் பெருமைதான், ஆனால் உருகிய பிறகு கண்ணாடிக்கு ஊர் கிடையாது. சேர்க்கோனியா எங்கிருந்து வந்தாலும் அது ஒரே ஒட்சைட்டு. அந்த மணலைப் பாவிப்பதில் உண்மையான தொல்லை ஒன்றை, உதாரணமாக இரும்பால் வரும் பச்சை நிறத்தையோ கரையாமல் நிற்கும் சேர்க்கோன் கற்களையோ, நீங்கள் ஒரு புது வழியில் தீர்த்திருந்தால் அந்த வழி தனியான செய்முறைக் கண்டுபிடிப்பு. அப்படி இருந்தால் இந்த விண்ணப்பத்துக்குள் திணிக்காமல் புதிதாக ஒன்று போடுங்கள், அதுவரை வெளியே எவருக்கும் சொல்ல வேண்டாம்.

புதிய சோதனை எண்களை எங்கே ஏற்பார்கள் என்பது நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் சத்தியக் கூற்றாகக் கொடுக்கலாம். ஐரோப்பாவில் 2023 மார்ச்சில் வந்த ஜி 2/21 முடிவின்படி, நீங்கள் காட்டும் பயன் முதலில் தாக்கல் செய்த விவரணத்திலிருந்தே புரிந்துகொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். ஜப்பான்தான் இறுக்கம்: 2005 நவம்பரில் அங்குள்ள புலமைச் சொத்து உயர் நீதிமன்றம், முனைவாக்கப் படலம் ஒன்றின் வழக்கில், அதுவும் திரைக்குள் போகும் பொருள்தான், சில உதாரணங்களை மட்டும் வைத்து அகன்ற எல்லை கோரியவருக்குப் பின்னர் கொடுத்த சோதனைகள் கைகொடுக்காது என்றது. ஜப்பானுக்குப் போகிற எண்ணம் இருந்தால் அங்கே சுருங்கிய கோரலோடுதான் போக வேண்டும்.

போஸ்டரில் ஐந்து ஒட்சைட்டுகளின் அளவும் அச்சாகி இருந்ததா? வெறும் பெயரும் ஒரு வரைபும் என்றால் பெரிய சேதமில்லை. அளவுகள் இருந்தால், கொழும்பு விண்ணப்பத்துக்கு ஏழு மாதம் முன் என்பதால் இலங்கையில் தப்பலாம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பதாரரே வெளியிட்டதற்கு ஒரு வருடம் விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்காவும் ஒரு வருடம் தரும். ஐரோப்பா தராது. ஜப்பானின் ஒரு வருடம் முன்னுரிமைத் திகதியிலிருந்து, அதாவது கொழும்பில் முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து, அல்ல, சர்வதேச விண்ணப்பத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும், ஆகவே சர்வதேச விண்ணப்பம் போட்டபோது போஸ்டருக்கு ஒரு வருடம் கடந்திருந்தால் உங்களுக்கு அங்கேயும் கதவு மூடிவிட்டது. எந்தெந்த நாட்டுக்குப் பணம் கட்டுவது என்று தீர்மானிக்கும்போது இதை முதலில் எடுத்துப் பாருங்கள்.

இப்போது அவசரப்பட்டு எதையும் அனுப்ப வேண்டாம். இது நிராகரிப்பு அல்ல, கருத்து மட்டும். கோரல்களை மட்டும் திருத்த, அறிக்கை அனுப்பிய திகதியிலிருந்து இரண்டு மாதம் அல்லது முன்னுரிமைத் திகதியிலிருந்து 16 மாதம், எது பிந்தியதோ அதுவரை நேரம் உண்டு. வாதத்தோடு பூர்வாங்கப் பரிசோதனை கேட்க மூன்று மாதம் அல்லது 22 மாதம், அதிலும் பிந்தியது. நாடுகளுக்குள் நுழைய 30 மாதம், ஐரோப்பாவுக்கு 31. நாலு கண்ணாடிகளை உருக்கி அளக்க அது தாராளம், அதனால் நான் என்றால் பூர்வாங்கப் பரிசோதனைக் கட்டணத்தை மிச்சம் பிடித்து அந்தக் காசைப் பிளாட்டினப் புடக்குகை வாடகைக்கும் தகைப்பு அளவீட்டுக்கும் போடுவேன். அளவீடுகள் வந்த பிறகு கோரலின் புது வாசகத்தை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.