கோடி ஏலத்தைப் பார்த்துப் பெண்ணின் பாட்டை எடை போடாதீர்கள்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பள்ளி அணியில் கிரிக்கெட் ஆடியவள்தான், ஆனால் மனசெல்லாம் தேவாரத்தில். சென்னையில் இருக்கும் அம்மானோ, "பாட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்? கிரிக்கெட் அகாடமியில் சேர்த்துவிடு" என்று தினமும் போன் போடுகிறாராம். நகையை அடகு வைக்கிற பேச்சு வரை வந்துவிட்டது.

ஆச்சி, நீங்கள் கவலைப்படுவதில் தப்பில்லை. அம்மான் போடுகிற கணக்குதான் தப்பு. 2024 நவம்பரில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பந்துக்கு 27 கோடி ரூபாய். 2023 மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் அதிக விலை போன ஸ்மிருதி மந்தனாவுக்கு 3.4 கோடி. ஆடுவது அதே 22 கஜ ஆடுகளத்தில்தானே? மந்தனாவின் திறமை எட்டில் ஒரு பங்கா? 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போனது. வீரர் சம்பளம் பெரும்பாலும் அந்த ஒளிபரப்புப் பணத்திலிருந்து வருகிறது. கச்சேரி நடக்கும் சபாவிலோ எத்தனை நாற்காலியோ அத்தனை டிக்கெட்தான். பாடுகிறவரின் ஞானத்துக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, சச்சின் 40 வயதில் மட்டையைக் கீழே வைத்தார். கர்நாடக சங்கீதப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் 80 தாண்டியும் பாடினார்.

இன்ஜினியரிங், பி.காம் பற்றி ஊரே சொல்லும், நான் சொல்ல வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்ட அரசு இசைப்பள்ளியை யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே தேவாரம் தனிப் பிரிவு, மூன்று வருடப் படிப்பு. கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான், மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. தேவாரத்தின் பழைய ராகங்களான பண்களை முறையாகச் சொல்லித் தருவார்கள். பழம்பஞ்சுரப் பண் என்றால் இன்றைய சங்கராபரண ராகம், மேகராகக்குறிஞ்சி என்றால் நீலாம்பரி என்று காதிலேயே படிந்துவிடும். சான்றிதழ் கையில் இருந்தால் அறநிலையத்துறை ஓதுவார் (கோயிலில் தேவாரம் பாடுகிறவர்) பணிக்கு அழைக்கும்போது விண்ணப்பிக்கலாம். பெண்களையும் இப்போது நியமிக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் நகரத்தார் கட்டிய கோயில்களை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அங்கேயும் ஓதுவார் வேண்டும். மேலே பட்டம் படிக்க ஆசைப்பட்டால் மதுரை அரசு இசைக் கல்லூரி பக்கம்தான். சிதம்பரமும் இருக்கிறது. அங்கே 1929-லேயே இசைக் கல்லூரி தொடங்கியவர் நம்ம கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார். அந்த ஊர்ப் பக்கத்துப் பெண் பாடுவதற்கு இவ்வளவு யோசிப்பதா!

ஓதுவார் சம்பளம் கோடியில் வராது. அதை ஒளிக்க மாட்டேன். குடும்பம் நடத்தலாம், வெளிக் கச்சேரியும் பாராயண வகுப்பும் சேர்ந்தால் கொஞ்சம் தாராளமாகவே நடத்தலாம்.

நகையை மட்டும் அடகுக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அகாடமியில் பணம் கட்டியவர்களில் மாநில அணி வரை போகிறவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான், கட்டிய பணமும் திரும்பாது. பெண் சாயங்காலம் மட்டை பிடிக்கட்டும், உடம்புக்கு நல்லது. அம்மான் அடுத்த முறை போன் போட்டால் நீங்கள் பேசாதீர்கள், அவளிடம் கொடுங்கள். இசைப்பள்ளி விண்ணப்பத்தை அவள் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள்.