புது லாரிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.: எல்.ஆர். யார் பெயரில் போட்டீர்கள்?

கேள்வி: நாமக்கல்லில் டயர் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. 2024 ஜூலையில் புது லாரி எடுத்தேன். சேஸ் 32 லட்சம், அதற்கு 28 சதவீத வரி 8.96 லட்சம். பாடி கட்ட 5 லட்சம், வரி 90,000. வரி முழுக்கத் திரும்பக் கிடைக்கும் என்று ஷோரூமில் சொன்னார்கள். ஆடிட்டரும் 9.86 லட்சத்தை இன்புட்டாக (வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவாக) எடுத்து, பட்டறை கட்ட வேண்டிய வரியில் இதுவரை 6 லட்சம் கழித்துவிட்டார். லாரி ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வாடகைக்கு ஓடுகிறது. இப்போது முழுத் தொகையையும் வட்டியோடு கட்டச் சொல்லி டி.ஆர்.சி.-01ஏ (நோட்டீஸுக்கு முன் அனுப்பும் அறிவிப்பு) வந்திருக்கிறது. ஆடிட்டர் போனை எடுப்பதில்லை. என் மைத்துனரும் இதேபோல் எடுத்தார், அவருக்கு ஒன்றும் வரவில்லை. நான் வாங்கி ஓராண்டு தாண்டியதும் வரியை 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்? வழக்குப் போட்டால் ஜெயிப்பேனா? பழைய தேதி போட்டு எல்.ஆர். (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு எழுதும் லாரி ரசீது) புத்தகம் காட்டினால் தப்பிக்கலாம் என்கிறார் நண்பர். இல்லாவிட்டால் லாரியை விற்றுக் கட்டிவிடலாமா?

பதில்: ஜெயிக்க மாட்டீர்கள். கட்டிவிடுங்கள். எப்படிக் கட்டுவது, எதைச் செய்யக்கூடாது என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதில் சட்டத்துக்குத் தேவையானது ஒரே வரிதான்: லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வாடகைக்கு ஓடுகிறது. அப்படியானால் எல்.ஆர். போடுவது அவர்கள். சரக்குக்காரரிடம் பொறுப்பேற்பது அவர்கள். உங்களுக்கு வருவது வாடகைச் சலானும் பணமும். எல்.ஆர். போடாதவர் ஜி.எஸ்.டி. கணக்கில் சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி ஆகமாட்டார். அப்படி ஒரு ஏஜென்சிக்கு லாரியை வாடகைக்குக் கொடுப்பது வரிவிலக்குப் பெற்ற சேவை. விலக்குப் பெற்ற வருமானத்துக்காகவே வாங்கிய பொருளுக்கு இன்புட் கிடையாது என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 17(2).

சரக்கு வண்டிக்கு இன்புட் தடை இல்லை என்று ஷோரூமில் சொன்னதும் பொய்யில்லை. பிரிவு 17(5)-இன் தடை ஆட்களை ஏற்றும் வண்டிகளுக்குத்தான். அந்தப் பாதியைக் கேட்டுவிட்டு மீதிப் பாதியை விட்டுவிட்டீர்கள். விலக்குப் பெற்ற வாடகைக்கு யாரும் வரி கேட்கவில்லையே என்று சந்தோஷப்பட்ட அதே காரணத்தால்தான் வாங்கியபோது கட்டிய வரியும் உங்கள் தலையில் நிற்கிறது.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஷோரூம்காரர் வரியை வசூலித்து அரசுக்குக் கட்டிவிட்டார், அவர் வேலை முடிந்தது. வரி குறைந்தது 2025 செப்டம்பர் 22 முதல். அதற்கு முன் பில் போட்டதற்கு அது பொருந்தாது. ஆடிட்டர் மேல் கோபம் நியாயமாகவே இருக்கட்டும், ஆனால் ரிட்டர்னில் இருப்பது உங்கள் பதிவு எண். மைத்துனரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: எல்.ஆர். அவர் பெயரில் போடுகிறாரா, சரக்குக்காரருக்கு 12 சதவீத வரி போட்டுப் பில் கொடுத்தாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அவர் எடுத்தது சரி. இல்லை என்றால் அவருக்கும் இதே அறிவிப்பு வரும், உங்களுக்கு முதலில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சொந்தமாக எல்.ஆர். போடுகிறவர்களும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். சரக்கு அனுப்பும் கம்பெனியே வரி கட்டிக்கொள்ளும் முறையில் ஓட்டினால் லாரிக்காரருக்கு இன்புட் இல்லை. தானே 5 சதவீதம் போட்டாலும் இல்லை. முன்பு 12 சதவீதமாக இருந்து, இப்போது 18 ஆகியிருக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டுமே உண்டு. ஏற்கெனவே பதிவு உள்ளவர் அந்த விருப்பத்தை முந்தைய நிதியாண்டின் ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் போர்ட்டலில் கொடுத்திருக்க வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு கொடுப்பதால் பழைய வருடம் மாறாது.

இப்போது உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். இதை நான் பலரிடம் பார்த்துவிட்டேன். பழைய தேதி போட்ட எல்.ஆர். புத்தகம், நாலு பேனாவில் எழுதி, ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் கறைகூடத் தடவிக்கொண்டு வருவார்கள். கையெழுத்தை அதிகாரி பார்ப்பதே இல்லை. கம்ப்யூட்டரில் உங்கள் வண்டி எண்ணைத் தட்டுகிறார். அந்த வண்டி ஓடிய ஒவ்வொரு இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வருகிறது. அதில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸின் ஐ.டி. இருக்கிறது, அவர்கள் போட்ட எல்.ஆர். எண்ணும் இருக்கிறது. டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கழிந்த நேரமும் இருக்கிறது. உங்கள் புத்தகப்படி சேலத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி கிருஷ்ணகிரி டோலைத் தாண்டியிருக்கும். அப்புறம் எந்த அச்சகத்தில் அடித்தீர்கள், பில் எங்கே என்று கேட்பார். அதோடு முடிந்தது.

முடிந்தது எது தெரியுமா? இதுவரை உங்கள் தவறு சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்ட தவறு. 2024-25 முதல் பிரிவு 74ஏ பொருந்துகிறது. அதன்படி, மோசடி இல்லாத விவகாரத்தில் வரியையும் வட்டியையும் நோட்டீஸுக்கு முன்போ, நோட்டீஸ் வந்து 60 நாளுக்குள்ளோ கட்டினால் அபராதமே இல்லை. தாண்டினால் 10 சதவீதம். பொய் ஆவணம் ஒன்று மேஜைக்குப் போன நிமிடத்தில் அது மோசடி. அப்போது நோட்டீஸுக்கு முன் கட்டினாலும் 15 சதவீத அபராதம். நோட்டீஸுக்குப் பிறகு 60 நாளுக்குள் 25, உத்தரவு வந்து 60 நாளுக்குள் 50, அதற்கும் மேல் போனால் வரி எவ்வளவோ அபராதமும் அவ்வளவு. உங்கள் கணக்கில் இன்னொரு 9.86 லட்சம். பொய் ஆவணத்துக்கான கிரிமினல் வழக்கு தனிக் கதை.

சம்மன் வந்து வாக்குமூலம் கேட்டால் தனியாகப் போய் "எல்லாம் தெரிந்துதான் சார், ஆடிட்டர் சொன்னார்" என்று புலம்பாதீர்கள். பரிதாபத்துக்காகச் சொல்கிற அந்தத் "தெரிந்துதான்" நோட்டீஸில் முதல் பத்தியாக வரும்.

கட்ட வேண்டியதும் நீங்கள் பயப்படுகிற அளவு இல்லை. தவறாக எடுத்த இன்புட்டுக்கு 18 சதவீத வட்டி, எடுத்துப் பயன்படுத்திய பகுதிக்கு மட்டும்தான். லெட்ஜரில் அப்படியே கிடக்கும் 3.86 லட்சத்தைத் திருப்பினால் போதும், வட்டி கிடையாது. 6 லட்சத்துக்கு மாதம் சுமார் 9,000. அதையும் மொத்தமாகப் போடக்கூடாது, எந்த மாத ரிட்டர்னில் எவ்வளவு கழிந்ததோ அந்தத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். டி.ஆர்.சி.-01ஏ-யில் முழு 9.86 லட்சத்துக்கும் வட்டி போட்டிருந்தால், அந்த ஒரு இடத்தில் மட்டும் சண்டை போடுங்கள், அங்கே நீங்கள் ஜெயிப்பீர்கள். அதன் பகுதி பி-யில் பதில் எழுதி, தானாக முன்வந்து கட்டுவதற்கான டி.ஆர்.சி.-03 படிவத்தில் கட்டுங்கள். வட்டி ரொக்க லெட்ஜரிலிருந்துதான் போக வேண்டும்.

இன்னொரு காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள்: வருமான வரிக் கணக்கில் லாரியின் தேய்மானம். வாடகை லாரிக்கு 30 சதவீதம் உண்டு. அது 37 லட்சத்தின் மேல் போடப்பட்டதா, வரியும் சேர்ந்த 46.86 லட்சத்தின் மேலா? பின்னதென்றால், வரித் தொகைக்கும் தேய்மானம் எடுத்துவிட்டீர்கள். அதற்கு மறுபடி இன்புட் கிடையாது என்று பிரிவு 16(3) சொல்கிறது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் விவகாரமே இல்லாவிட்டாலும் இதிலேயே தோற்றிருப்பீர்கள். முன்னதென்றால் நல்ல செய்தி: இன்புட்டைத் திருப்பிய பிறகு அந்த வரியை லாரியின் விலையோடு சேர்த்துத் தேய்மானம் கேட்க வழி இருக்கிறது. புது ஆடிட்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

விற்கும் யோசனை தப்பில்லை, வரிசைதான் தப்பு. இன்புட் உங்கள் கணக்கில் நிற்கும்போது விற்றால், விற்ற விலைக்கு வரி அல்லது காலாண்டுக்கு 5 சதவீதம் கழித்து மிஞ்சும் இன்புட், இரண்டில் எது அதிகமோ அது உங்கள் மேல் விழும். முதலில் திருப்பிவிட்டு அப்புறம் விற்றால், இன்புட் எடுக்காத பழைய வண்டிக்கான சலுகையைக் கேட்கலாம்: தேய்மானம் போக மிஞ்சிய மதிப்புக்கு மேல் கிடைக்கும் லாபத்துக்கு மட்டும் 18 சதவீதம், லாபம் இல்லையென்றால் வரி இல்லை. பைனான்ஸ்காரரிடம் என்.ஓ.சி. கேட்கப் போவதற்கு முன்பே டி.ஆர்.சி.-03 ரசீது கையில் இருக்கட்டும்.

பதில் தர வேண்டிய தேதி டி.ஆர்.சி.-01ஏ-யிலேயே இருக்கும். அதற்கு முன் 2024 ஜூலை முதல் எல்லா ஜி.எஸ்.டி.ஆர்.-3பி ரிட்டர்னையும், கிரெடிட் லெட்ஜரையும், டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கொடுத்த வாடகைச் சலான்களையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். எல்.ஆர். புத்தகத்தை அச்சடித்தே விட்டீர்கள் என்றால் அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.