பழைய கால்குலேட்டர்: பாடியைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: 1970-களில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கால்குலேட்டர் இன்னும் வேலை செய்கிறது. ஆனால் வெள்ளை பாடி பழுப்பு மஞ்சளாகிவிட்டது. இதை வெளுக்க 'ரெட்ரோபிரைட்' என்று ஆன்லைனில் கிட் விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கிட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அதில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடுதான். மருந்துக்கடையில் '20 வால்யூம்' என்று கேட்டால் 6 சதவீதக் கரைசல் கிடைக்கும்.

அதற்கும் முன்னால், அது மஞ்சளா அழுக்கா என்று பாருங்கள். பேட்டரி மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்தில்தான் பழைய நிறம் இருக்கும். பாடியைப் பிரித்து, சர்க்யூட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் மென்மையான பல் பிரஷ்ஷால் தேயுங்கள். அச்சடித்த எழுத்துகள் மேல் பிரஷ் போக வேண்டாம். ஐம்பது வருடக் கைப்பிசுக்கு போனாலே பாடி பளிச்சென்று ஆகிவிடும். நிறைய பேர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்படியும் மஞ்சள் நிற்கிறதென்றால், அது பிளாஸ்டிக்குக்குள்ளேயே நடந்த மாற்றம். அந்தக் காலத்துப் பாடிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதிலுள்ள பியூட்டடையீன் என்ற ரப்பர் பகுதி வெயிலும் காற்றும் பட்டு மாறும்போது மஞ்சள் ஏறுகிறது. பெராக்சைடும் புற ஊதாக்கதிரும் சேர்ந்தால் அந்த நிறம் வெளுக்கும். வெறும் பாடியை மட்டும் கண்ணாடிப் பாத்திரத்தில் பெராக்சைடு கரைசலில் முழுக்க மூழ்கும்படி வைத்து வெயிலில் வையுங்கள். மேலே பூசிவிட்டால் போதும் என்பார்கள். அது பாதியில் காய்ந்து திட்டுத்திட்டாக வெளுக்கும், அந்தத் திட்டைச் சரிசெய்வது பெரும்பாடு. வாயு வெளிவரும் என்பதால் பாத்திரத்தை இறுக்கி மூடக்கூடாது. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். நம் ஊர் மே மாத வெயிலில் மெல்லிய பாடி வளைந்துவிடும். எனவே காலை வெயிலில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். எழுத்து அச்சடித்த பகுதி, உலோகத் தகடு, பின்பக்க ஸ்டிக்கர் எதுவும் உள்ளே போகக்கூடாது.

ஒன்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்: சில வருடங்களில் மஞ்சள் திரும்பி வரலாம். மாமாவின் பொருள் என்பதால் என் விருப்பத்தைச் சொல்கிறேன். நானாக இருந்தால் கழுவித் துடைத்துவிட்டு அந்த மஞ்சளோடேயே வைத்துக்கொள்வேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து ஒருவர் எச்பி-35 கால்குலேட்டர் விற்கிறார். 'பாடி அருமை' என்கிறார், முன்பக்கப் படம் ஒன்றுதான் இருக்கிறது. என்னென்ன கேட்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 1972-ல் 395 டாலருக்கு வந்த இயந்திரம் அது. சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்று எச்பி நிறுவனர்களில் ஒருவரான பில் ஹியூலெட் கேட்டு உருவானது. 35 பட்டன்கள் இருந்ததால் அந்தப் பெயர். எழுத்துகள் இரட்டை வார்ப்பில் (இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை அடுத்தடுத்து வார்ப்பது) பட்டனுக்குள்ளேயே இறங்கியிருப்பதால் லேசில் தேயாது. அதனால் முன்பக்கப் படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்தக் குழியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே மூன்று நிக்கல்-காட்மியம் செல்கள் இருந்தன. அவை கசிந்தால் வெள்ளைப் பூப்பும் பச்சைக் களிம்பும் தொடுமுனைகளைத் தின்றுவிடும். காட்மியம் நச்சு, வெறும் கையால் தொடவே கூடாது. அப்புறம் பின்பக்க லேபிள். திருகாணிகள் அதற்கும் ரப்பர் கால்களுக்கும் அடியில்தான் ஒளிந்திருக்கும். லேபிள் சுருங்கியோ முனை கிழிந்தோ இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விலையில் தெரிய வேண்டும்.

வேலை செய்கிறதா என்று காட்ட, நல்ல பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருக வேண்டாம் என்றும் விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்யூட் கெடக்கூடும்.

பாடி உடைந்து வேலை செய்வது ஒன்று, பாடி முழுசாக இருந்து வேலை செய்யாதது ஒன்று என்று இரண்டும் மலிவாகக் கிடைத்தால், இரண்டையும் வாங்கி ஒன்றாக்கிக்கொள்ளலாம். பின்னாளில் விற்கும்போது அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மூலையில் விரிசல். ஃபெவிக்விக் போதுமா? டிஸ்ப்ளேவின் கீறலையும் எடுக்க வேண்டும்.
– வாசகர், மதுரை

பதில்: ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் பூச்சாகப் படியும், ஒட்டிய இடமும் அதிர்ச்சி தாங்காது. பாடி ஏபிஎஸ் என்றால், அதே நிறத்தில் ஒரு உடைந்த ஏபிஎஸ் துண்டை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, விரிசலின் உள்பக்கம் மட்டும் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். வெளியே ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் உருகிவிடும்.

டிஸ்ப்ளே ஜன்னல் பெரும்பாலும் அக்ரிலிக். அதைக் கழற்றியெடுத்து, பிராஸோ என்ற உலோகப் பாலிஷை மென்துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் மேலோட்டமான கீறல் போகும். ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்காதீர்கள். ஒரு சிவப்பு ஜன்னலை அப்படித் துடைத்து, கண்ணெதிரே நூல் நூலாக விரிசல் ஓடியதைப் பார்த்தவன் நான். அதற்கு மாற்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

கேள்வி: 'ஒரிஜினல் பாடி' என்று ஒரு கடையில் வாங்கினேன். நகம் பட்டதும் பெயின்ட் உரிகிறது. பணத்தைத் திரும்பத் தர மறுக்கிறார்கள்.
– வாசகர், சென்னை

பதில்: மேற்கொண்டு எதையும் சுரண்டாதீர்கள், இருக்கிற நிலையிலேயே படமெடுங்கள். திருகாணித் தலையில் பெயின்ட் ஏறியிருக்கிறதா, ஸ்டிக்கர் ஓரத்தில் கோடு தெரிகிறதா, பேட்டரி மூடியின் உள்நிறம் வேறாக இருக்கிறதா என்று பார்த்து அவற்றையும் படமெடுங்கள். பில்லும், 'ஒரிஜினல்' என்று எழுதிய விளம்பரமோ மெசேஜோ முக்கியம். கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பதில் தர ஒரு தேதி குறிப்பிடுங்கள். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் செய்துவிட வேண்டும்.