ஃபிரெடரிக் ஃபோர்சித்: நிருபர், நாவலாசிரியர், கொஞ்சம் உளவாளி (கேள்வி பதில்)

2025 ஜூன் 9 அன்று தன் 86வது வயதில் ஃபோர்சித் காலமானதிலிருந்து அவரைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பல வருடங்களாக அவரைத் திரும்பத் திரும்பப் படிப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: சின்ன வயதிலிருந்தே எழுத்தாளர் ஆகும் ஆசை இருந்ததா?

ப: கிடையவே கிடையாது. அவருக்கு இருந்தது விமானப் பைத்தியம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஆஷ்ஃபோர்டில், 1938இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, ஐந்து வயதுப் பையனை ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தின் விமானி இருக்கையில் தூக்கி உட்காரவைத்தார்கள். அதோடு முடிந்தது கதை. பள்ளி முடித்ததும் விமானப்படையில் சேர்ந்து, 19 வயதிலேயே வாம்பயர் ஜெட் ஓட்டினார். அப்புறம் உலகம் சுற்றும் ஆசை பிடித்துக்கொண்டது. சுற்றவும் வேண்டும், சம்பளமும் வேண்டும் என்றால் பத்திரிகை வேலைதான் என்று அதற்குப் போனார்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பள்ளி விடுமுறைகளில் அப்பா அவரை பிரான்சிலும் ஜெர்மனியிலும் குடும்பங்களோடு தங்க அனுப்பினார். பிரெஞ்சும் ஜெர்மனும் அந்த ஊர்க்காரர் மாதிரியே வந்துவிட்டன. 1961இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தவரை சீக்கிரமே பாரிசுக்கு அனுப்பியதற்கு அதுதான் காரணம். அந்த பாரிஸ் இல்லையென்றால் முதல் நாவலும் இல்லை.

கே: 'தி டே ஆஃப் த ஜக்கால்' 35 நாளில் எழுதியதாகச் சொல்கிறார்களே, நம்பலாமா?

ப: பிரெஞ்சு அதிபரைக் கொல்ல வரும் ஒரு கூலிக் கொலையாளியின் கதையான அந்த முதல் நாவலைத் தட்டச்சு செய்தது 35 நாள். மனதில் ஊறியது ஏழெட்டு வருடம். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிசுக்கு வெளியே பெத்தி கிளமாரில், அல்ஜீரியாவுக்கு விடுதலை தருவதை எதிர்த்த ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய ஆயுதக் கும்பல் பிரெஞ்சு அதிபர் தெ கோலின் காரைச் சல்லடையாகச் சுட்டது. டயர்கள் வெடித்தும் கார் நிற்காமல் ஓடியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் காலகட்டத்தில் தெ கோல் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போவது ஃபோர்சித்தின் வேலை. தப்பித்தவறி அதிபர் செத்தால் செய்தியை முதலில் அனுப்ப வேண்டுமே! மெய்க்காவலர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி ஒன்றைப் புரிந்துகொண்டார். ஓ.ஏ.எஸ். ஆட்கள் எல்லாருடைய பெயரும் முகமும் போலீஸ் கோப்பில் இருக்கின்றன. அவர்களால் காரியம் ஆகாது. எந்தக் கோப்பிலும் இல்லாத ஒரு வெளியாள் வந்தால்தான் உண்டு. நாவலின் முழு முடிச்சும் இவ்வளவுதான்.

1970 ஜனவரியில் கையில் காசில்லாமல், லண்டனில் நண்பர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, பழைய கைப்பெட்டித் தட்டச்சு இயந்திரத்தில் அடிக்க ஆரம்பித்தார். பதிப்பாளர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பினார்கள். தெ கோல் அப்போது உயிரோடு இருந்தார். சாகவில்லை என்று ஊருக்கே தெரிந்த மனிதரைக் கொல்ல முயலும் கதையில் என்ன விறுவிறுப்பு இருக்கும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்! 1971இல் ஹட்சின்சன் பதிப்பகம் வெளியிட்டது. கொலையாளி தோற்பான் என்று தெரிந்தே படிக்கிறோம், ஆனால் அவன் துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்க மரத்தில் ஒரு முலாம்பழத்தைத் தொங்கவிட்டுச் சுடும் பக்கத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. எப்படி நடக்கும் என்பதில் பிடித்து இழுக்கிற கலை அது.

கே: போர் நிருபர் என்கிறோம். எந்தப் போர்?

ப: பயாஃப்ரா. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய பிற்கால வாழ்க்கை முழுக்க இங்கிருந்துதான் கிளம்புகிறது.

1967 மே 30 அன்று நைஜீரியாவின் கிழக்குப் பகுதி, அதன் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு தலைமையில், பயாஃப்ரா என்ற தனி நாடாகத் தன்னை அறிவித்தது. ஜூலையில் போர். அப்போது பிபிசியில் இருந்த ஃபோர்சித்தை அனுப்பினார்கள். சில வாரங்களில் கிளர்ச்சி நசுங்கிவிடும் என்பது லண்டனில் எல்லாரும் சொன்ன கணக்கு. போய்ப் பார்த்தவர் நசுங்காது என்று சொன்னார். மேலிடத்துக்கு அது ரசிக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு நைஜீரிய அரசுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1968இல் வேலையை விட்டுவிட்டு, யாருடைய சம்பளமும் இல்லாத நிருபராக அதே காட்டுக்குத் திரும்பப் போனார்.

முற்றுகையில் சோறில்லாமல் போனது. புரதச்சத்து இல்லாமல் குழந்தைகளின் வயிறு உப்பி, முடி செம்பட்டையாகும் குவாஷியோர்கர் நோயை உலகம் செய்தித்தாளில் பார்த்தது அங்கிருந்துதான். ஊலி என்ற இடத்தில் ஒரு தார்ச்சாலையை அகலப்படுத்தி ஓடுதளமாக்கியிருந்தார்கள். நிவாரண விமானங்கள் இரவில் மட்டும் வரும். சக்கரம் தரையைத் தொடும் நேரத்துக்கு மட்டும் விளக்கு எரியும், உடனே அணைந்துவிடும். மேலே குண்டுவீச்சு விமானம் காத்திருக்குமே. 1970 ஜனவரி 15இல் போர் முடிந்தபோது செத்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. பெரும்பாலும் பசியால். அந்த மாதம்தான் அவர் லண்டனில் நாவலை அடிக்க உட்கார்ந்தார் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

கே: ஆனால் அவர் நடுநிலை தவறிவிட்டார் என்ற விமர்சனம் உண்டே?

ப: உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. ஒஜுக்வுவோடு நண்பராகிவிட்டார், பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றையே எழுதினார். 1969இல் வந்த பயாஃப்ரா புத்தகம் கட்சி சார்ந்த புத்தகம்தான். என் கருத்தைக் கேட்டால், அதை நைஜீரியத் தரப்பு எழுதியவற்றோடு சேர்த்துப் படியுங்கள் என்பேன். ஆனால் குழந்தைகள் சாவதைப் பார்த்தவன் கோபப்பட்டான் என்பதை ஒரு குற்றமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கே: நிஜமாகவே உளவாளியா, இல்லை விற்பனைக்குச் சொன்ன கதையா?

ப: 2015இல் வந்த 'தி அவுட்சைடர்' சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டார். பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6க்கு இருபது வருடத்துக்கும் மேல் உதவியிருக்கிறார், காசு வாங்காமல். தொடங்கியது பயாஃப்ராவில். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. சம்பளக்காரர் அல்ல, அவ்வப்போது கூப்பிட்டால் போய்வரும் ஆள், அவ்வளவுதான். 1973இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குக் காரோட்டிப் போய், அருங்காட்சியகக் கழிப்பறையில் ஒரு ரஷ்ய அதிகாரியிடமிருந்து பொட்டலம் வாங்கி வந்ததாகச் சொல்கிறார். ஒரு பழைய நிருபர் சொல்கிற கதை என்பதை மனதில் வைத்துக்கொண்டு ரசியுங்கள்.

கே: அவர் உலகப்போரையே தொடங்கப் பார்த்தார் என்று ஒரு நண்பன் அளக்கிறான்.

ப: உங்கள் நண்பன் முழுக்க அளக்கவில்லை. 1964 ஏப்ரல், கிழக்கு பெர்லினில் ராய்ட்டர்ஸின் ஒரே ஆள் இவர். நடுராத்திரி வீடு திரும்பும்போது சோவியத் டாங்கிகள் சாரிசாரியாக பெர்லின் சுவர் இருக்கும் திசையில் போவதைப் பார்த்தார். செய்தி தட்டிவிட்டார். லண்டனிலும் வாஷிங்டனிலும் ஆட்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். விடிந்தபின் பார்த்தால், மே தின அணிவகுப்புக்கு ஒத்திகை!

கே: 'தி டாக்ஸ் ஆஃப் வார்' எழுத நிஜ ஆயுத வியாபாரிகளைச் சந்தித்தாராமே?

ப: ஆமாம், கூலிப்படையை வைத்து ஓர் ஆப்பிரிக்க நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்கும் நாவல் அது. அவர் சொன்னவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஹாம்பர்க் நகரில் பொய்ப்பெயரில், ஆயுதம் வாங்க வந்த தென்னாப்பிரிக்கர் மாதிரி வேஷம் போட்டு வியாபாரிகளிடம் பேசிக்கொண்டிருந்தார். அதில் ஒரு வியாபாரி காரில் போகும்போது புத்தகக் கடை ஜன்னலைப் பார்த்திருக்கிறார். 'ஜக்கால்' நாவலின் ஜெர்மன் பதிப்பு அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு பிரதி திரும்பி நிற்கிறது, பின்னட்டையில் 'தென்னாப்பிரிக்கர்' சிரிக்கிறார். ஹோட்டல் அறைக்கு ஒரு தொலைபேசி வந்தது: உடனே கிளம்பு. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடி, நகர்ந்துகொண்டிருந்த ரயிலில் தாவினார்.

1973இல் ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினியாவில் நடக்கவிருந்த ஒரு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்கு அவரே பணம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டும் பிற்பாடு வந்தது. ஆராய்ச்சி மட்டும்தான் செய்தேன் என்பது அவர் பதில்.

கே: 'ஜக்கால்' நாவலில் சொன்ன போலி பாஸ்போர்ட் உத்தியை யாராவது பயன்படுத்தினார்களா?

ப: ஒரு பிரிட்டிஷ் எம்.பி.யே பயன்படுத்தினார். ஜான் ஸ்டோன்ஹவுஸ் 1974இல் மயாமி கடற்கரையில் துணிமணிகளை விட்டுவிட்டு, மூழ்கிச் செத்தமாதிரி நடித்து மறைந்தார். கையில் இறந்துபோன ஒருவர் பெயரில் பாஸ்போர்ட். ஆஸ்திரேலியாவில் பிடிபட்டார். அந்த ஓட்டையை அடைக்க அரசுக்குப் பல வருடங்கள் ஆயின.

கே: பாத்திரங்கள் அட்டைப்பொம்மைகள் மாதிரி இருக்கின்றன. எனக்கு மட்டும்தான் இப்படியா?

ப: இல்லை, எனக்கும்தான். பெண் பாத்திரங்கள் விஷயத்தில் இன்னும் மோசம். அவருக்கு மனிதரைவிட வேலை பிடிக்கும். துப்பாக்கி எப்படிச் செய்கிறார்கள், கப்பல் எப்படி வாடகைக்கு எடுக்கிறார்கள், வங்கி எங்கே கண்ணை மூடிக்கொள்கிறது... ஒரு நிருபர் செய்தி சேகரிப்பது போலவே எழுதினார். கதாபாத்திரத்தின் மனசுக்குள் போக வேண்டுமென்றால் இன்னொரு உளவு நாவலாசிரியரான ஜான் லெ காரேவிடம் போங்கள்.

கே: எதிலிருந்து தொடங்கலாம்? தடிமனான புத்தகம் பயமாக இருக்கிறது.

ப: அப்படியானால் 1975இல் வந்த 'தி ஷெப்பர்ட்'. உளவும் கிடையாது, கொலையும் கிடையாது. 1957 கிறிஸ்துமஸ் முந்தின இரவு, ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தனியாக வாம்பயர் ஓட்டிவரும் இளம் விமானி. வட கடல் மேல் ரேடியோவும் திசைகாட்டியும் செத்துவிடுகின்றன, கீழே மூடுபனி. ஒரே மூச்சில் படித்துவிடலாம். கனடா வானொலியில் வருடா வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதை வாசித்து ஒலிபரப்புகிறார்கள். ராத்திரி, விளக்கைக் குறைத்துக்கொண்டு படியுங்கள்.