கல்ச்சர் நன்றாக வளர்ந்தது, யோப் புரதம்தான் வரவில்லை

கேள்வி: எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் புராஜெக்ட்டுக்காக யெர்சினியா என்டரோகோலிட்டிகா என்ற குடல் நோய்க் கிருமி, நம் செல்களைத் தாக்க வெளியேற்றும் யோப் புரதங்களைப் பார்க்கிறேன். 37 டிகிரியில் இஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள்) சேர்த்து நான்கு மணி நேரம் வைத்தேன். கல்ச்சர் அருமையாக வளர்ந்து, ஓடி (கலங்கல் அளவு) 0.2-இலிருந்து 2.4 வரை போனது. ஆனால் சூப்பர்நேட்டன்ட்டில் (செல்களை நீக்கிய மேல்திரவம்) உள்ள புரதத்தை டிசிஏ அமிலம் போட்டு இறக்கி ஜெல்லில் ஓட்டினால் ஒரு பட்டைகூட இல்லை. இரண்டு மாதம் முன்பு இதே ஸ்ட்ரெயினில் நன்றாக வந்தது. அதன் பிறகு பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். டிசிஏ-வில் தவறா?

பதில்: டிசிஏ-வை விடுங்கள். "அருமையாக வளர்ந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். 37 டிகிரியில் கால்சியம் இல்லாமல் இந்தக் கிருமி வளரக் கூடாது. ஒன்றிரண்டு முறை பிரிந்துவிட்டு அப்படியே நின்றுவிட வேண்டும். 1950களிலேயே கண்டறிந்த விஷயம் இது. யோப் தயாரிப்பு முழுவீச்சில் இறங்கும்போது வளர்ச்சி நிற்கும். உங்கள் கல்ச்சர் நிற்கவே இல்லை என்றால், அது யோப் வேலையில் இறங்கவே இல்லை என்று பொருள்.

இந்தக் கிருமி தன் புரதங்களை இரண்டு பூட்டுகளுக்குள் வைத்திருக்கிறது. முதல் பூட்டு வெப்பம். 26 டிகிரியில் யோப் மரபணுக்களை ஒய்எம்ஓஏ என்ற புரதம் அமுக்கி வைத்திருக்கும். 37-க்கு வந்ததும் அது சிதைக்கப்படுகிறது, விர்எஃப் என்ற இயக்கி கிளம்புகிறது, யோப்பைச் செலுத்தும் ஊசி போன்ற கருவி கட்டப்படுகிறது. ஆனாலும் சரக்கு வெளியே போகாது. இரண்டாவது பூட்டு அந்தக் கருவியின் வாயிலில் இருக்கிறது. யோப்என்-னும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து தக்கை மாதிரி அடைத்து நிற்கின்றன. உடலுக்குள் இந்தத் தக்கை கழல்வது ஊசி முனை ஒரு செல்லைத் தொடும்போதுதான். ஆய்வகத்தில் தொடுவதற்கு செல் இல்லை, அதனால் கால்சியத்தைப் பிடுங்கி ஏமாற்றுகிறோம். நம் ரத்தத்தில் கால்சியம் தாராளமாகவே இருக்கிறது. ஆகவே இஜிடிஏ என்பது தொடுகைக்குப் பதிலாக நாம் போடும் கள்ளச்சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1994-இல் சுவீடனில் வுல்ஃப்-வாட்ஸ் குழுவினர், யோப்ஈ என்ற யோப் புரதம், கிருமி ஒட்டிய செல்லுக்குள்தான் போகிறது, சுற்றியுள்ள திரவத்தில் சிந்துவதில்லை என்று காட்டினார்கள். எனக்குப் பிடித்த ஆய்வுகளில் அது ஒன்று.

அப்புறம் ஒரு நுணுக்கம். வாயில் மூடியிருக்கும்வரை ஒய்எஸ்சிஎம் என்ற புரதம் உள்ளேயே தங்கி, "போதும், இன்னும் செய்யாதே" என்று தயாரிப்பைக் கட்டுப்படுத்துகிறது. வாயில் திறந்ததும் அதுவும் வெளியே தள்ளப்படுகிறது. தடுப்பவனே வெளியே போய்விடுவதால் தயாரிப்பு தாறுமாறாக ஏறுகிறது. அதனால்தான் வாயில் திறந்த கல்ச்சரில் சூப்பர்நேட்டன்ட் மட்டுமல்ல, பெல்லட்டிலும் (அடியில் படியும் செல்கள்) யோப் கூடும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இரண்டு சந்தேகங்கள்தான். ஊசி, தக்கை, யோப் எல்லாமே சுமார் 70 கிலோபேஸ் நீளமுள்ள ஒரு பிளாஸ்மிட்டில் (குரோமோசோமிலிருந்து தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) இருக்கின்றன. 37 டிகிரியில் திரும்பத் திரும்ப மாற்றினால் அது கழன்றுபோகும். வேலை செய்கிற செல் களைத்து நிற்க, பிளாஸ்மிட்டைத் தொலைத்தது பெருகிக்கொண்டே போகும். சில வாரங்களில் பிளேட் முழுக்க அதுதான். நானும் ஒருமுறை குழாயில் அடைத்த பழைய ஸ்டாப் கல்ச்சரை (அகாரில் குத்தி வளர்த்தது) நம்பி மூன்று வாரம் வீணடித்திருக்கிறேன். எனக்கு இதுவே முதல் சந்தேகம்.

சோதிப்பது சுலபம். காங்கோ ரெட், மெக்னீசியம், ஆக்சலேட் கலந்த அகார் பிளேட்டில் தீற்றி 37-இல் வையுங்கள். பிளாஸ்மிட் உள்ள காலனி குண்டூசித் தலை போல், சிவப்பாக, பார்க்கவே கஞ்சத்தனமாக இருக்கும். இழந்தது பெரிதாக, வெளுத்து, செழிப்பாக இருக்கும். கை தானாகவே அந்தப் பெரிய காலனிக்குப் போகும். தொடாதீர்கள்.

காலனி எல்லாம் சிவப்பாக இருந்தால், கால்சியம் மிஞ்சியிருக்கிறது என்பது அடுத்த சந்தேகம். இஜிடிஏ ஸ்டாக்கின் பிஎச்-ஐப் பாருங்கள். அது 8-ஐ ஒட்டித்தான் கரையும். பிஎச் இறங்கினால் கால்சியத்தைப் பிடிக்கும் பலமும் இறங்கும். மீடியத்தில் மெக்னீசியம் குளோரைடு 20 மில்லிமோலார் இருக்கட்டும். அலமாரியில் பக்கத்தில் நிற்கும் ஈடிடிஏ பாட்டிலை எடுத்துவிடவில்லையே? அது மெக்னீசியத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

இனி மைனஸ் 70-இல் இருக்கும் கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து எடுத்து 26-இல் வளர்த்து, நீர்த்து, மறுபடி 26-இல் இரண்டு மணி நேரம் விட்டு, அப்புறம்தான் 37-க்கு மாற்றுங்கள். கால்சியம் உள்ளது, இல்லாதது என இரண்டு குடுவை. அரை மணிக்கொரு முறை ஓடி எடுங்கள். இல்லாத குடுவை தேங்கினால் ஜெல் ஓட்டுவதற்கு முன்பே பாதி விடை தெரிந்துவிடும். ஜெல்லில் பெல்லட்டையும் சூப்பர்நேட்டன்ட்டையும் அடுத்தடுத்து ஏற்றுங்கள். 51 கிலோடால்டனில் யோப்எச், 23-இல் யோப்ஈ தெரிய வேண்டும். பெல்லட்டில் மட்டும் இருந்தால் தயாரிப்பு நடக்கிறது, வாயில் திறக்கவில்லை. இரண்டிலும் இல்லையென்றால் பிளாஸ்மிட்டைத்தான் பிடிக்க வேண்டும். செல் உடைந்து கசிந்ததா என்று பார்க்க ஆர்பிஓஏ போன்ற உள்செல் புரதத்துக்கு ஒரு வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தைக் கண்டறியும் சோதனை) போடுங்கள்.

ஒருவேளை கால்சியம் உள்ள குடுவையிலும் யோப் கொட்டினால், வளர்ச்சியும் நின்றால், அந்தக் காலனியை எறிந்துவிடாதீர்கள். தக்கை உடைந்த மாற்றுரு கையில் கிடைத்திருக்கலாம். உடனே 26 டிகிரியில் வளர்த்து ஸ்டாக் போட்டு வையுங்கள்.