மாத்திரை சரி, நேரம் தப்பு: வயிற்றுக் கோளாறுகள் கேள்வி-பதில்

மூன்று வாரமாக, அமிலச் சுரப்பைக் குறைக்கும் பேன்டபிரசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சல் குறையவே இல்லை. வேறு மாத்திரைக்கு மாற வேண்டுமா?

அதற்கு முன், எப்போது விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள். சாப்பிட்டு முடித்தோ, படுக்கப் போகும்போதோ போட்டுக்கொண்டால் பலன் வெகுவாகக் குறையும். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் ‘பம்பு’கள் உணவு வரும்போதுதான் முழு வேகத்தில் இயங்குகின்றன. இயங்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் அடைக்க முடியும். ஆகவே காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில் விழுங்குங்கள். உடைக்கவோ மெல்லவோ கூடாது; மேல்பூச்சு போனால் இரைப்பை அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். இப்படிச் சரியாக 8 வாரம் சாப்பிட்ட பிறகுதான் ‘கேட்கவில்லை’ என்று சொல்ல வேண்டும்.

இரவில் எதுக்களித்தால், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிற்றில் அழுத்தம் கூடும். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் இருக்கட்டும். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். பல மாதம் சாப்பிட்ட மருந்தைத் திடீரென நிறுத்தினால் சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரக்கலாம். ‘நோய் திரும்பிவிட்டது’ என்று பலர் பயப்படுவது இதைத்தான். படிப்படியாகக் குறைப்பது நல்லது.

விழுங்கும்போது உணவு சிக்கினாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ எண்டோஸ்கோபியை (வாய்வழியே கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) தள்ளிப்போட வேண்டாம். மாடி ஏறும்போது வந்து, ஏறுவதை நிறுத்தினால் தணிகிற நெஞ்சு ‘எரிச்சலுக்கு’ முதலில் இதயத்தைப் பாருங்கள்.

அல்சருக்காக (வயிற்றுப் புண்) ஹெச். பைலோரி என்ற கிருமியை ஒழிக்கும் மருந்தை 14 நாளும் விடாமல் சாப்பிட்டேன். ரத்தப் பரிசோதனையில் இன்னும் பாசிட்டிவ். மருந்து தோற்றுவிட்டதா?

இந்தச் சோதனையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ரத்தத்தில் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. கிருமி ஒழிந்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தங்கும். செய்ய வேண்டியது யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) பரிசோதனை. இந்தக் கிருமி யூரியாவைப் பிளக்கும். அப்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடைத்தான் மூச்சில் அளக்கிறார்கள்.

இங்கேயும் நாள் கணக்கு முக்கியம். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். பேன்டபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகளை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். அவசரப்பட்டால், ஒடுங்கியிருக்கும் கிருமி கண்ணுக்குத் தப்பி ‘நெகட்டிவ்’ என்று வந்துவிடும். உண்மையிலேயே கிருமி எஞ்சியிருந்தால், முதலில் கொடுத்த ஆன்டிபயாடிக் கிளாரித்ரோமைசின் என்றால் அதை மீண்டும் கொடுப்பதில் பயனில்லை. பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டு பெரும்பாலும் அடுத்த தேர்வாக இருக்கும்.

கிருமியே இல்லாமலும் அல்சர் வரும். மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் சாப்பிடுகிறீர்களா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புண் இரைப்பையில் என்றால், ஆறிவிட்டதா என்று எண்டோஸ்கோபியை மறுபடி செய்து பார்ப்பது பெரும்பாலும் அவசியம். புற்றுநோயும் புண் போலவே தோன்றக்கூடும்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வாந்தி, பேதி. ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுத்த உடனே கக்கிவிடுகிறது.

டம்ளரில் கொடுத்தால் கக்கத்தான் செய்யும். வாந்தி நின்று 10 நிமிடம் பொறுங்கள். பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுத்துக்கொண்டே இருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும். இந்த வயதில் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி. உள்ளே போக வேண்டும்.

கரைக்கும் அளவில்தான் பெரும் தவறு நடக்கிறது. 1 லிட்டர் பொட்டலத்தை 1 லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். சிறு பொட்டலங்களும் உண்டு, உறையைப் படியுங்கள். உப்பையும் குளுக்கோஸையும் குடல் சேர்த்தே உறிஞ்சுகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கெட்டியாகக் கரைத்தால் இது தலைகீழாகி, உடலின் நீர் குடலுக்குள் இறங்கிப் பேதி கூடும். குளிர்பானம் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், சுத்தமான 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. எதைக் கரைத்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

துத்தநாகம் தினமும் 20 மி.கி., பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள் வரை தொடரட்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். பேதியைக் கட்டும் லோபிரமைடு குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கண் குழிதல், துவண்டு கிடத்தல், 6 மணி நேரம் சிறுநீர் போகாமை, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

கோதுமையை நிறுத்தியதும் உப்புசம் போய்விட்டது. சீலியாக் நோய்தானா (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படுவது) என்று இப்போது சோதிக்கலாமா?

இப்போது சோதித்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகும். குளூட்டன் உள்ளே போனால்தான் ரத்தத்தில் அடையாளம் தங்கும். தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு, குறைந்தது 6 வாரம். அதன் பிறகு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் பொருள் ரத்தப் பரிசோதனையை மொத்த ஐ.ஜி.ஏ. அளவோடு சேர்த்துச் செய்யுங்கள். அதில் கோளாறு எதுவும் தெரியாவிட்டால், கோதுமையிலுள்ள புரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். எரிச்சல் குடல் நோயில் (ஐ.பி.எஸ்.) இது சகஜம். ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்கேனில் தற்செயலாகப் பித்தப்பைக் கல் தெரிந்தது. வலி இல்லை. ஆபரேஷன் அவசியமா?

பெரும்பாலும் தேவையில்லை. வலது மேல்வயிற்றில் அரை மணிக்கு மேல் நீடித்து, வலது தோள்பட்டைக்குப் பரவும் வலி வந்தால் அறுவை மருத்துவரைப் பாருங்கள். குளிர்காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் அன்றே போக வேண்டும். உப்புசத்துக்கும் ஏப்பத்துக்கும் கல்லைக் குற்றம் சொல்லிப் பித்தப்பையை எடுத்துவிட்டு, அதே உப்புசத்தோடு தொடர்பவர்கள் நிறையப் பேர்.

மலத்தில் ரத்தம். மூலம் இருப்பது தெரியும். கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்ப்பது) கட்டாயமா?

மூலம் இருப்பதாலேயே வேறு எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. வயது 45-ஐத் தாண்டியிருந்தால், ரத்தம் மலத்தோடு கலந்து வந்தால், மலம் கழியும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தால், இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை இருந்தால் செய்துகொள்ளுங்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சிறு பாலிப்புகள் (குடல் சுவரில் வளரும் கட்டிகள்) தப்பிவிடும். குடலைச் சுத்தம் செய்யும் மருந்துக் கரைசலைப் பாதி முந்தின நாள் மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் தொடங்கிக் குடிப்பதே சிறந்த முறை. 2 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். கடைசியில் சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சளாகப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். அது மலத்தைக் கருப்பாக்கும் என்றாலும், தார்போல ஒட்டி, கடும் நாற்றத்தோடு போகும் கருப்பு மலம் இரும்பால் வருவதல்ல, மேல்வயிற்று ரத்தக்கசிவு. அதற்கு அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.